யாருடைய ரகசியம்?

பொதுக்காரியத்தில் இறங்கிய ஒருவனுடைய சொந்த ஒழுக்கத்தைப் பற்றிக் கேள்வி கேட்க ஜனங்களுக்கு உரிமை உண்டா? இந்தக் கேள்விக்கு என்னிடம் வெகுகாலம் ஒரே பதில்தான் இருந்தது. தாராளமாக உண்டு என்பதே அது. வீட்டில் பொய் சொல்லுகிறவன் சபையில் ஏறியதும் மெய் சொல்லுவான் என்று நம்ப எனக்கு மனம் வந்ததில்லை. அந்தரங்கம் வேறு, பகிரங்கம் வேறு என்று பேசுகிறவர்களைக் கண்டால், இவர் எதையோ மறைக்கிறார் என்றுகூட எண்ணியிருக்கிறேன்.

இந்த அபிப்பிராயம் எனக்கு முற்றிலும் மாறிவிட்டது என்று சொல்லமாட்டேன். ஆனால் அமெரிக்காவில் 1963ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் நடந்த ஒரு சம்பவத்தையும், அதில் சம்பந்தப்பட்ட இரண்டு மனிதர்களுடைய வரலாற்றையும் படித்த பிறகு அது பழைய உறுதியோடு நிற்கவில்லை. அந்த இருவரைப் பற்றித்தான் எழுதப்போகிறேன்.

அந்த மாதம் 28ஆம் தேதி வாஷிங்டன் நகரத்தில் லிங்கன் சிலைக்கு முன்னால் சுமார் இரண்டரை லட்சம் பேர் கூடினார்கள். கறுப்பர்களுக்கு வேலையும் சுதந்திரமும் வேண்டும் என்று கேட்ட கூட்டம். மார்ட்டின் லூதர் கிங் அன்று செய்த பிரசங்கத்தைப் பற்றிக் கேள்விப்படாதவர் இருக்கமுடியாது. ஆனால் அந்தக் கூட்டத்தைக் கூட்டிய மனிதரின் பெயரை அறிந்தவர்கள் நம்மில் வெகு சிலரே. பேயார்ட் ரஸ்டின் என்பது அவர் பெயர். ஏறக்குறைய எட்டே வாரத்தில் ஹார்லத்தில் ஒரு பழைய கட்டடத்தில் உட்கார்ந்துகொண்டு, எத்தனை பஸ், எத்தனை ரயில், குடிதண்ணீருக்கு எத்தனை குழாய், கக்கூஸ் எத்தனை, வருகிறவர்கள் வெயிலில் கெட்டுப்போகாத எந்தச் சாப்பாட்டைக் கையோடு கொண்டுவரவேண்டும் என்பது வரையில் கணக்குப் பார்த்தவர் அவர். ஒரு கல்யாணத்துக்கு ஐந்நூறு பேரை அழைத்துவிட்டு நாம் படுகிற பாட்டை நினைத்துப்பார்த்தால் அதன் அருமை தெரியும்.

கூட்டம் நடக்கப் பதினைந்து நாள் இருக்கும்போது, ஆகஸ்டு 13ஆம் தேதி, செனட் சபையில் ஸ்ட்ராம் தர்மாண்டு என்பவர் எழுந்தார். தெற்குக் கரோலினா மாநிலத்தின் பிரதிநிதி; பாப்டிஸ்டு சபையைச் சேர்ந்தவர்; கறுப்பரும் வெள்ளையரும் ஒரே பள்ளியில் படிக்கக்கூடாது, ஒரே மேஜையில் உண்ணக்கூடாது என்று சொன்னவர்களில் முதல் வரிசைக்காரர். 1957இல் கறுப்பர்களின் வாக்குரிமை பற்றிய மசோதாவைத் தடுப்பதற்காக 24 மணி 18 நிமிஷம் இடைவிடாமல் பேசியவர். (அறுபத்தெட்டு வருஷம் அசையாமல் நின்ற அந்தச் சாதனையை 2025 ஏப்ரலில் கோரி புக்கர் என்ற கறுப்பின செனட்டர் 25 மணிக்கு மேல் பேசி முறியடித்தார். காலதேவனுக்கு ஹாஸ்ய உணர்ச்சி இல்லை என்று யார் சொன்னது?)

தர்மாண்டு அன்று ரஸ்டின்மீது மூன்று குற்றம் சாட்டினார். அவர் கம்யூனிஸ்டு, யுத்தத்துக்குப் போகாமல் தப்பியவர், ஆணோடு ஆண் கூடும் ஒழுக்கக்கேடர். மூன்றாவதற்குச் சாட்சியாக, பத்து வருஷத்துக்கு முன் காலிபோர்னியாவில் பாசடினா என்ற ஊரில் போலீஸார் ரஸ்டினைக் கைது செய்த ஆவணத்தையும் சபைக் குறிப்பில் சேர்க்கச்செய்தார். தேசத்தின் மிக உயர்ந்த சபையின் ஏட்டில் ஒரு மனிதனுடைய அந்தரங்கம் அச்சேறியது.

குற்றச்சாட்டுகள் உண்மையா? உண்மையின் சாயல் மூன்றிலும் இருந்தது. ரஸ்டின் இளமையில் கம்யூனிஸ்டு வாலிபர் சங்கத்தில் இருந்தார். 1941இல் விட்டு விலகினார். இரண்டாவது உலக யுத்தத்தில் துப்பாக்கி தூக்கமாட்டேன் என்று சொல்லி, தப்பி ஓடவில்லை, இரண்டு வருஷத்துக்கு மேல் சிறையில் இருந்தார். அவரை வளர்த்த பாட்டி குவேக்கர் சமயச் சூழலில் வளர்ந்தவர். கொல்லாமை அவருக்கு அந்த வழியில் வந்தது. மூன்றாவதை ரஸ்டின் என்றுமே மறுத்ததில்லை. 1953 ஜனவரியில் பாசடினாவில் ஒரு கூட்டத்தில் பேசப்போனவர், இரவில் நின்றிருந்த ஒரு காரில் இரண்டு ஆண்களோடு பிடிபட்டார். அறுபது நாள் தண்டனை. அப்பொழுது அவர் வேலை பார்த்தது கிறிஸ்தவ சமாதானவாதிகளின் சங்கம் ஒன்றில். பகைவனை நேசி என்று போதித்த அந்தச் சங்கம், அவர் விலகிவிடவேண்டும் என்றது. ராஜிநாமா செய்தார்.

இங்கே நம் நாட்டோடு ஒரு தொடர்பு இருக்கிறது. 1948ஆம் வருஷக் கடைசியில் ரஸ்டின் இந்தியாவுக்கு வந்து சில வாரங்கள் தங்கினார். காந்தியைப் பார்க்கவேண்டும் என்பது அவர் ஆசை. ஆனால் காந்தி ஜனவரியிலேயே சுடப்பட்டுவிட்டார். காந்தியோடு இருந்தவர்களிடம் சத்தியாக்கிரகத்தின் முறைகளைக் கேட்டறிந்து திரும்பினார். ஊர் போய்ச் சேர்ந்ததும், பஸ்ஸில் வெள்ளையருக்கு அருகில் உட்கார்ந்த குற்றத்துக்காகக் காலில் சங்கிலியோடு ரோடு வேலை செய்யும் தண்டனையை 22 நாள் அனுபவித்தார். 1956இல் மாண்ட்கமரி நகரத்துப் பஸ் பகிஷ்காரத்தின்போது அவர் போய்ப் பார்த்தால், இருபத்தேழு வயதுப் பாதிரியாரான கிங்கின் வீட்டில் காவலுக்குத் துப்பாக்கிகள் இருந்தன. அகிம்சையை நடைமுறை ஒழுங்காகக் கிங்குக்குக் கற்றுக்கொடுத்தவர்களில் ரஸ்டின் முக்கியமானவர். அங்கேயும் அவரால் நெடுநாள் இருக்கமுடியவில்லை. இவருடைய பழைய கதை வெளியே வந்தால் போராட்டத்துக்கே களங்கம் என்று நண்பர்களே பயந்து அவரை வெளியேற்றினார்கள்.

1960இல் நடந்தது இன்னும் கசப்பானது. ஆடம் கிளேட்டன் பவல் என்பவர் ஹார்லத்தின் காங்கிரஸ் பிரதிநிதி. ஒரு பெரிய தேவாலயத்தின் போதகரும்கூட. கிங்கும் ரஸ்டினும் சேர்ந்து நடத்தவிருந்த ஒரு மறியல் அவருக்குப் பிடிக்கவில்லை. அதை நிறுத்தாவிட்டால் உங்கள் இருவருக்கும் கள்ள உறவு என்று வெளியிடுவேன் என்று கிங்குக்குச் சொல்லியனுப்பினார். முழுப் பொய். ஆனால் பொய்க்கும் பயப்படவேண்டிய நிலை. ரஸ்டின் விலகிக்கொள்ள முன்வந்தார், கிங் ஏற்றுக்கொண்டார். கிங்கிடம் எனக்கு மிகுந்த பக்தி உண்டு. என்றாலும் அந்த மௌனத்துக்கு என்னால் சமாதானம் தேடமுடியவில்லை. நான்கு வருஷத்துக்குள் அதே ஆயுதம் கிங்கின் பக்கம் திரும்பியது. அவர் தங்கிய ஓட்டல் அறைகளில் எஃப்.பி.ஐ. ஒலிப்பதிவுக் கருவிகளை மறைத்து வைத்தது. 1964 நவம்பரில் ஒலிநாடாவோடு ஒரு மொட்டைக் கடிதமும் அனுப்பியது. நீ உயிரோடு இருப்பதைவிடச் சாவது மேல் என்று உணர்த்துகிற கடிதம். கிங்கும் அப்பழுக்கற்றவர் அல்ல. மனைவிக்குத் துரோகம் செய்தவர்தான். ஆனால் அந்தக் கடிதத்தை எழுதியவர்களுக்குக் கிங்கின் மனைவி பட்ட வேதனையைப் பற்றி ஏதாவது கவலை இருந்திருக்குமா?

செனட் சபைக்குத் திரும்புவோம். கூட்டத்துக்குத் தலைமை வகித்த முதியவர் ஃபிலிப் ராண்டால்ஃப், ரஸ்டினை இந்த முறை கைவிடவில்லை. பத்திரிகைக்காரர்களை அழைத்து, ரஸ்டினுடைய குணத்தில் தமக்கு முழு நம்பிக்கை உண்டு என்றார். கிறிஸ்தவ ஒழுக்கம் என்ற போர்வையைப் போர்த்திக்கொண்டு ஒரு மனிதனுடைய மானத்தைக் கிழிக்கிறவர்கள் இந்த நாட்டில் இருக்கிறார்களே என்று வருந்தினார். ரஸ்டினை முன்பு விரும்பாத தலைவர்களும் தர்மாண்டு தாக்கியதும் அவர் பக்கமே நின்றார்கள். கூட்டம் நடந்தது. அடுத்த வாரம் ‘லைஃப்’ பத்திரிகையின் அட்டையில் ராண்டால்ஃபும் ரஸ்டினும் லிங்கன் சிலைக்கு முன் நின்றார்கள்.

இவ்வளவுதான் என்றால் இது சிறுமையும் பெருமையும் கலந்த ஓர் அரசியல் கதை. கட்டுரை எழுத அவசியம் இருந்திராது. மற்ற பாதி நாற்பது வருஷம் கழித்துத்தான் ஊருக்குத் தெரிந்தது.

தர்மாண்டு 2003 ஜூன் மாதம் நூறு வயதில் இறந்தார். அந்த டிசம்பரில் லாஸ் ஏஞ்சல்ஸில் வசித்த எஸ்ஸி மே வாஷிங்டன் வில்லியம்ஸ் என்ற 78 வயதுக் கறுப்பினப் பெண்மணி, ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை, தர்மாண்டு தம் தந்தை என்று அறிவித்தார். தர்மாண்டின் குடும்பத்தாரும் மறுக்கவில்லை. 1925இல் தர்மாண்டின் பெற்றோர் வீட்டில் கேரி பட்லர் என்ற கறுப்புப் பெண் வேலை செய்தாள். குழந்தை பிறந்தபோது அவளுக்குப் பதினாறு வயது. எஜமானரின் மகனுக்கு இருபத்திரண்டு.

அந்தக் குழந்தையைப் பென்சில்வேனியாவில் கோட்ஸ்வில் என்ற ஊரில் இருந்த பெரியம்மா வீட்டில் வளர்த்தார்கள். பெரியம்மாவைத்தான் அம்மா என்று அவள் நினைத்திருந்தாள். பதின்மூன்று வயதில்தான் உண்மை தெரிந்தது. ரஸ்டின் பிறந்து வளர்ந்த வெஸ்ட் செஸ்டர் அதே மாவட்டத்தில் இருக்கிறது. அவரும் மணமாகாத தாய்க்குப் பிறந்தவர்; பாட்டியை அம்மா என்றும், பெற்றவளை அக்கா என்றும் எண்ணிச் சிறுவயதைக் கழித்தவர். நான் இதை ஒரு நாவலில் எழுதியிருந்தால், ‘ஒரே மாவட்டத்தில் இப்படி இரண்டு குழந்தைகளா! நாவலாசிரியர் கொஞ்சம் அடக்கி வாசிக்கலாம்’ என்று வாசகர்கள் கடிதம் போட்டிருப்பார்கள்.

பதினாறு வயதில், 1941இல், தாய் அவளைத் தெற்குக் கரோலினாவுக்கு அழைத்துப்போய் ஒரு வக்கீல் ஆபீசில் நிறுத்தி, இவர்தான் உன் அப்பா என்று காட்டினாள். எதிரே இருந்தது ஒரு வெள்ளைக்காரர்! பிறகு அவர் பணம் கொடுத்தார்; கறுப்பர்களுக்கான கல்லூரியில் அவளைப் படிக்க வைத்தார்; மாநில கவர்னராக இருந்தபோது அந்தக் கல்லூரிக்குப் போய் அவளைச் சந்தித்தார். 1948இல் அதே மனிதர் கறுப்பர்களுக்கு உரிமை கொடுப்பதை எதிர்த்து ஜனாதிபதித் தேர்தலில் நின்றார். எங்கள் கொட்டகைகளிலும் நீச்சல் குளங்களிலும் வீடுகளிலும் ஆலயங்களிலும் அவர்களை நுழையவிட ராணுவத்தாலும் முடியாது என்று மேடையில் முழங்கினார். மகளுக்கு அப்பொழுது 22 வயது.

இந்தத் தந்தையை முழு வேஷதாரி என்று ஒரு சொல்லில் தள்ளிவிடத்தான் எனக்கும் ஆசை. ஆனால் அந்தப் பெண்மணி அப்படித் தள்ளவில்லை. அவரிடம் பாசம் இருந்தது என்று சொன்னார். அவர் உயிரோடு இருந்தவரை வாயைத் திறக்கவில்லை. உண்மையைச் சொன்ன பிறகுதான் பெரிய பாரம் இறங்கியதுபோல் இருக்கிறது என்றார். எழுபத்தெட்டு வயது வரையில் ஒரு பெண் சுமந்த பாரம் அது. சுமத்தியவர் நூறு வயது வரை சபையில் கௌரவமாக உட்கார்ந்திருந்தார்.

மகளை அவர் மறைத்ததைக்கூட ஒரு பக்கம் ஒதுக்கிவைக்கலாம். என்னை அதிகமாக உறுத்துவது கேரி பட்லரின் கதைதான். பதினாறு வயது வேலைக்காரப் பெண். வெள்ளை எஜமானரின் வீடு. 1925ஆம் வருஷத்துத் தெற்குக் கரோலினா. அவள் சம்மதித்தாளா என்று கேட்பதற்கே அர்த்தம் இல்லை. மாட்டேன் என்று சொல்ல முடியாதவள் தலையசைப்பதைச் சம்மதம் என்று எப்படிச் சொல்வது? அந்தப் பெண்ணைக் கெடுத்ததற்காக யாரும் அவரை எந்தக் கோர்ட்டுக்கும் இழுக்கவில்லை. ஆனால் அவர் அவளைக் கல்யாணம் செய்துகொள்ள முயன்றிருந்தால் சட்டம் குறுக்கே வந்திருக்கும்! வெள்ளையரும் கறுப்பரும் மணப்பதை அந்த மாநிலத்து அரசியல் சட்டமே 1895 முதல் தடுத்திருந்தது. அத்தகைய சட்டங்கள் செல்லாது என்று சுப்ரீம் கோர்ட்டு 1967இல் தீர்ப்புச் சொல்லியும், தெற்குக் கரோலினாவின் ஏட்டில் அந்த வாசகம் 1998 வரையில் இருந்தது. அந்த வருஷம் அதை நீக்கலாமா என்று ஜனங்களைக் கேட்டபோது, நூற்றுக்கு முப்பத்தெட்டுப் பேர் போல, வேண்டாம் என்று வாக்களித்தார்கள்.

காரில் இருந்த மூன்று ஆண்களும் வயது வந்தவர்கள். யாரையும் யாரும் கட்டாயப்படுத்தியதாக வழக்கு இல்லை. அது குற்றம், அறுபது நாள் சிறை, செனட் ஏட்டில் பதிவு. வேலைக்காரப் பெண்ணின் விவகாரமோ கறுப்பர்களிடையேயும் பத்திரிகைக்காரர்களிடையேயும் கிசுகிசுவாக உலவியும், அவர் சாகிறவரையில் அவருடைய தேர்தல் எதையும் கெடுக்கவில்லை. ரகசியம் என்பது எல்லோருக்கும் ஒரே விலையில் கிடைக்கிற சரக்கு அல்ல. ஒருவருக்கு ஊரே சேர்ந்து கதவைச் சாத்திக் காவல் நிற்கிறது. இன்னொருவருக்குக் கார்க் கண்ணாடிகூடப் பாதுகாப்பு இல்லை. யார் பாவம் செய்தது என்று ஜனங்கள் கேட்பதாக நான் நினைத்திருந்தேன். யாருடைய பாவத்தைச் சத்தமாகப் படிக்கலாம் என்பதுதான் அங்கே நடந்த விசாரணை.

1998 டிசம்பரில் ஜனாதிபதி கிளிண்டன்மீது பதவிநீக்கக் குற்றச்சாட்டு வந்தது. ஓர் இளம் பெண்ணோடு இருந்த உறவைப் பற்றிப் பிரமாணத்தின்மேல் பொய் சொன்னார் என்பது விவகாரம். (அவர் செய்தது யோக்கியமான காரியம் அல்ல. ஆனால் பெண்ணின் மானத்தைப் பற்றி அதுவரை உரக்கப் பேசிய அவருடைய கட்சிக்காரர்களில் பலருக்கு அப்பொழுது திடீரென்று தொண்டை கட்டிக்கொண்டது.) பிரதிநிதிகள் சபையில் அவரைத் துரத்திய தலைவர் நியூட் கிங்ரிச்சுக்கு அதே காலத்தில் வேறொரு பெண்ணோடு உறவு இருந்தது, 2007இல் அவரே ஒப்புக்கொண்டார். அவருக்குப் பிறகு சபாநாயகராக வரவிருந்த லிவிங்ஸ்டன், தமது உறவுகள் வெளியாகவே விலகிக்கொண்டார். அப்பழுக்கில்லாதவர் என்று தேடிப் பிடித்து உட்கார வைத்த டென்னிஸ் ஹாஸ்டர்ட், பள்ளியில் பயிற்சி ஆசிரியராக இருந்தபோது மாணவர்களைக் கெடுத்தவர் என்பது பின்னால் வெளிவந்தது. அதை மூடுவதற்காகக் கொடுத்த பணத்தின் விவகாரத்தில் 2016இல் சிறை சென்றார். 1999 ஜனவரியில் செனட் சபை விசாரணைக்குக் கூடியபோது, அதற்குத் தலைமை வகிக்க வந்த பிரதம நீதிபதிக்குச் சத்தியப் பிரமாணம் செய்துவைத்தவர் யார்? சபையின் மூத்தவர், 96 வயது ஸ்ட்ராம் தர்மாண்டு. ஜனாதிபதி குற்றவாளி என்றே அவர் வாக்களித்தார். மேற்குக் கரையில் ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியை அந்த வருஷமும் வாயைத் திறக்கவில்லை.

அதே 1998இல் தென்பாப்டிஸ்டுகளின் மகாசபை, தலைவர்களுக்குச் சொந்த ஒழுக்கம் மிக அவசியம் என்று தீர்மானம் போட்டது. அந்தத் தீர்மானத்தை நான் கேலி செய்யவில்லை. இந்தக் கட்டுரையின் முதல் பத்தியில் நான் சொன்னதும் அதுதான். ஆனால் பிறகு நடந்ததைப் பாருங்கள். அந்தரங்கத்தில் ஒழுக்கம் தவறியவர் பொதுப் பதவியில் நேர்மையாக நடக்கமுடியுமா என்று 2011இல் ஒரு கருத்துக் கணிப்பில் கேட்டார்கள். இவாஞ்சலிக்கல் எனப்படும் தீவிர புராட்டஸ்டண்டு வெள்ளையர்களில் நூற்றுக்கு 30 பேரே முடியும் என்றார்கள். 2016இல் அதே கேள்விக்கு 72 பேர் முடியும் என்றார்கள். ஐந்து வருஷத்தில் வேதம் மாறிவிடவில்லை. வேட்பாளர் மாறியிருந்தார். பெண்களை எப்படிக் கையாளலாம் என்று டொனால்டு டிரம்ப் பெருமையடித்த ஒலிப்பதிவு அந்த அக்டோபரில் ஊரெல்லாம் கேட்டது. நவம்பரில் அந்த மக்களில் ஐந்தில் நான்கு பேர் அவருக்கே வாக்களித்தார்கள். 2024 மே மாதம், ஒரு நீலப்பட நடிகையின் வாயை அடைக்கக் கொடுத்த பணத்தைக் கணக்கில் மறைத்ததற்காக 34 குற்றங்களில் தண்டனைக்குரியவர் என்று ஜூரிகள் தீர்ப்புச் சொன்னார்கள். நவம்பரில் மறுபடியும் ஜெயித்தார். அவருக்கு வாக்களித்தவர்கள் எல்லோரும் வேஷக்காரர்கள் என்று நான் நினைக்கவில்லை. கருச்சிதைவைத் தடுக்கிற நீதிபதிகள் வேண்டும், அதற்காக ஒரு பாவியைச் சகிப்போம் என்று நினைத்துப் பார்த்து முடிவு செய்தவர்கள் அநேகர். 2022இல் அந்த நீதிபதிகளின் தீர்ப்பும் கிடைத்தது. பேரம் பேரம்தான். அதைப் பேரம் என்று ஒப்புக்கொண்டால் எனக்கு ஆட்சேபணை குறைவு. ஆனால் பாவிகளைச் சகிக்க முடியும் என்று கண்டுகொண்ட பிறகும், காரில் பிடிபட்டவர்களுக்கு அந்தச் சகிப்பை அவர்கள் நீட்டவில்லை.

ஆகவே பொதுமனிதனின் அந்தரங்கத்தைக் கேட்கவே கூடாதா? அப்படிச் சொல்லவும் எனக்கு நா எழவில்லை. அப்படிச் சொன்னால் முதலில் தப்பித்துக்கொள்பவர் தர்மாண்டுதான். கேரி பட்லரின் விவகாரம் யாரோ ஒருவருடைய ‘சொந்த விஷயம்’ ஆகிவிடும். ஹாஸ்டர்டின் மாணவர்களுடையதும் அப்படியே. நான் இப்பொழுது கேட்க விரும்புகிற கேள்வி வேறு. அந்த அறையில் மாட்டேன் என்று சொல்ல முடியாதவர் யாராவது இருந்தார்களா? இருந்தால் கதவை உடைக்கவேண்டும். உள்ளே இருப்பவர் செனட்டராயினும், போதகராயினும், நம் பக்கத்து வீரராயினும் சரி. இல்லை என்றால், எனக்கு அருவருப்பாக இருக்கிறது என்பதற்காக மட்டும் நான் கதவைத் தட்டமாட்டேன். இந்தக் கேள்வியும் எல்லா இடத்திலும் செல்லுபடியாகும் என்று நினைக்கவில்லை. கிங்கின் மனைவியை இதில் எங்கே வைப்பது என்று எனக்கு இன்னும் தெளிவாகவில்லை.

ரஸ்டினின் பிற்கால வாழ்க்கையில் ஒரு சம்பவம் உண்டு. 1977இல் அவருக்கு ஒரு துணைவர் கிடைத்தார். கடைசிவரை சேர்ந்து வாழ்ந்தார்கள். ரஸ்டினுக்கு வயது எழுபது. தாம் போய்விட்டால் துணைவருக்குச் சட்டப்படி ஓர் உரிமையும் இராது. கல்யாணத்துக்கு வழியில்லை. எனவே 1982இல் வளர்ந்த ஆண்பிள்ளையான அந்தத் துணைவரைச் சட்டப்படி ‘சுவீகாரம்’ எடுத்துக்கொண்டார். துணைவரின் தாய், மகன்மேல் தனக்கு உரிமை இல்லை என்று கையெழுத்துப் போட்டுக் கொடுக்கவேண்டியிருந்தது. குடும்பம் நல்ல குடும்பம்தானா என்று பார்க்க ஓர் அதிகாரி வீட்டுக்கு வந்து போனார். காதலனை மகன் என்று எழுதினால்தான் சட்டத்துக்குத் திருப்தி. ரஸ்டின் 1987இல் காலமானார். 2013இல் ஜனாதிபதி ஒபாமா அளித்த பதக்கத்தை அந்தத் துணைவர்தான் மேடையேறி வாங்கிக்கொண்டார். பாசடினா வழக்கில் காலிபோர்னியா கவர்னர் 2020இல் மன்னிப்பு வழங்கினார்.

தர்மாண்டு இறந்தது 2003 ஜூன் 26ஆம் தேதி இரவு. அன்று பகலில்தான், ஆணும் ஆணும் கூடுவதைக் குற்றமாக்குகிற சட்டங்கள் செல்லாது என்று சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொல்லியிருந்தது. அப்பொழுதும் அந்தச் சட்டத்தை வைத்திருந்த 13 மாநிலங்களில் தெற்குக் கரோலினாவும் ஒன்று.

அந்த மாநிலத்தின் சட்டசபைத் தோட்டத்தில் தர்மாண்டுக்கு வெண்கலச் சிலை இருக்கிறது. அவர் உயிரோடு இருந்தபோதே, 1999இல் வைத்தது. பீடத்துக் கல்லில் அவர் வகித்த பதவிகளோடு, நான்கு குழந்தைகளின் தந்தை என்றும் வெட்டி, பெயர்களையும் பொறித்திருந்தார்கள். 2004இல் கல்தச்சர்கள் வந்து ‘நான்கு’ என்ற சொல்லை அடைத்து, அதன்மேல் ‘ஐந்து’ என்று வெட்டினார்கள். பெயர்களின் வரிசையில் கடைசியாக எஸ்ஸி மே என்று சேர்த்தார்கள். பிறந்த வரிசைப்படி அது முதலில் இருக்கவேண்டிய பெயர். மேலே இடம் இல்லை.